வளர்ந்தே செத்த நாற்றுகள்

பொங்கல் முடிந்து ஒன்பதாவது நாள். காலையில் தண்ணீர் ஊற்ற மாடி ஏறினேன். தக்காளி நாற்றுகள் எல்லாம் தலை குனிந்து நின்றன.

வாட்டமாக இருக்கும் என்று நினைத்துத் தொட்டுப் பார்த்தேன். வாடிய செடி கையில் துவளும். இவை துவளவில்லை, விறைப்பாகவே இருந்தன. இலைக்காம்பு ஒவ்வொன்றும் தண்டோடு சேரும் இடத்தில் கீழ்நோக்கி வளைந்திருந்தது. தண்டு, முறுக்கிய கயிறு மாதிரி திருகிக் கிடந்தது. எல்லாத் தட்டும் சேர்த்து மொத்தம் 42 நாற்று. ஒன்றுகூடத் தப்பவில்லை. பக்கத்துத் தட்டில் கத்தரி, மிளகாய், கொத்தவரை, அவற்றுக்கும் அதே கோலம்.

எங்கள் வீடு திருவொற்றியூர் காலடிப்பேட்டையில். கடல் கூப்பிடு தூரம். உப்புக்காற்றில் இரும்புக் கதவே நான்கு வருடத்தில் உதிர்ந்துபோகும் இடம். அந்தக் காற்றுக்குப் பச்சை வலை கட்டி, மார்கழி முதல் வாரத்தில் விதை போட்டு, ஒரு மாதம் பார்த்துப் பார்த்து வளர்த்தவை இந்த நாற்றுகள். மறுநாள் பைகளுக்கு மாற்றலாம் என்று தேங்காய்நார்த் தூளெல்லாம் ஊறவைத்திருந்தேன். படியில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

முதலில் இலைச்சுருட்டை நோய் என்றுதான் தோன்றியது. வெள்ளை ஈ பரப்பும் வைரஸ் அது, மாடித்தோட்டம் வைத்தவர்கள் எல்லோரும் ஒரு முறையாவது அதனிடம் தோற்றிருப்போம். ஆனால் அதில் இலை மேல்நோக்கிச் சுருளும், ஓரம் மஞ்சளாகும், இன்று ஒரு செடி, நாளை இரண்டு என்று மெதுவாகப் பரவும். நான்கு வகைச் செடிகளை ஒரே நாளில் அது மடக்காது.

ஆயா மேலே வந்து பார்த்தார். ஒரே வார்த்தை: "காத்துதான்டி."

எங்கள் பக்கம் எது வாடினாலும் முதல் சந்தேகம் காற்றின் மேல்தான். அப்படிச் சந்தேகப்பட எங்களுக்குக் காரணம் உண்டு. 2023 டிசம்பர் 26 நள்ளிரவில் எண்ணூர் பெரியகுப்பம் கடலோரத்தில் அமோனியா கசிந்து, சனங்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ஓடியதை இங்கே யாரும் மறக்கவில்லை. ஆலைகள் நிறைந்த மணலிப் பக்கத்துக் காற்று திரும்பும் நாளில் எங்கள் மொட்டை மாடியில் வாசனை மாறுவது எனக்கே தெரியும். அதனால் ஆயா சொன்னதை நான் தள்ளிவிடவில்லை. அதிலும், பதினொன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்குத் தாவரவியல் டியூஷன் எடுக்கிறவள் நான். காற்றில் கலந்த ஒன்று நாற்றுகளைக் கோணலாக்கும் என்பதற்கு அந்தப் பாடத்திலேயே ஒரு பழைய சாட்சி இருக்கிறது.

ரஷ்யாவின் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் டிமித்ரி நெல்யூபோவ் என்ற இளம் ஆய்வாளர் இருட்டறையில் பட்டாணி முளைக்கவைத்துக்கொண்டிருந்தார். ஆய்வுக்கூடத்துக்குள் வளர்ந்த நாற்றுகள் குட்டையாக, தடித்து, நிமிராமல் பக்கவாட்டில் படுத்து வளர்ந்தன. வெளிக்காற்றை விட்டு வளர்த்தால் நேராக வந்தன. அந்தக் காலத்தில் விளக்கு எரித்தது நிலக்கரி வாயுவில். அந்த வாயுவில் உள்ளவற்றை ஒவ்வொன்றாகச் சோதித்து, நாற்றைப் படுக்கவைப்பது எத்திலின் என்று 1901-ல் அவர் எழுதினார். மாங்காயைப் பழுக்கவைக்கிற அதே எத்திலின். செடி தனக்குள்ளேயும் அதைத் தயாரிக்கிறது என்பது பிறகுதான் தெரிந்தது. தக்காளிச் செடியை எத்திலின் உள்ள காற்றில் வைத்தால் இலைக்காம்புகள் கீழே மடங்கும். நான் பார்த்தது அப்படியே அந்த அறிகுறி. அன்று மதியம் வரைக்கும் காற்றுதான் காரணம் என்று நம்பிக்கொண்டிருந்தேன்.

மாலையில் தென்கிழக்கு மூலைக்குப் போனபோதுதான் அந்த நம்பிக்கை ஆட்டம் கண்டது. அங்கே நான்கு மக்காச்சோளம், ஒரு தொட்டி எலுமிச்சைப்புல். இரண்டும் கத்தி மாதிரி நிமிர்ந்து நின்றன. பக்கத்து வீட்டு அக்கா கைப்பிடிச் சுவரில் வரிசையாகத் தக்காளித் தொட்டி வைத்திருப்பார், என் மாடியிலிருந்து பத்தடி. அவையும் நேராக இருந்தன. காற்று என்றால் அக்கா வீட்டுத் தக்காளியை விட்டுவைத்திருக்காது.

அகன்ற இலைச் செடி எல்லாம் முறுக்கிக்கொண்டது, புல்லினம் தப்பியது. இதை ஒரு தேர்வுக் கேள்வியாகக் கொடுத்திருந்தால் நொடியில் விடை எழுதியிருப்பேன். என் செடி என்றபோது ஒரு நாள் முழுக்கப் பிடித்தது. அதற்கு விடை 2,4-டி. களைக்கொல்லி. ஆனால் நான் வாழ்நாளில் களைக்கொல்லி வாங்கியதே இல்லை.

அப்புறம்தான் தெளிப்பான் ஞாபகம் வந்தது.

பொங்கலுக்குப் பொன்னேரிப் பக்கத்தில் உள்ள எங்கள் ஊருக்குப் போயிருந்தோம். என் பழைய கைத்தெளிப்பானில் வாஷர் போய்விட்டது என்றேன். பெரியப்பா உடனே தன்னுடைய 5 லிட்டர் தெளிப்பானை எடுத்துக் கொடுத்துவிட்டார். திரும்பி வந்து மூன்று நாள் கழித்து வேப்பெண்ணெயும் காதிச் சோப்பும் கரைத்து, வெள்ளை ஈ வராமல் இருக்க நாற்றுகளுக்குத் தெளித்தேன். மக்காச்சோளத்துக்கும்தான். தலை குனிந்தது அதிலிருந்து மூன்றாம் நாள்.

போன் போட்டேன். நவரை நெல் நட்டு மூன்று வாரம், பொங்கலுக்கு முந்தின வாரம்தான் வயலில் டூ ஃபோர் டி அடித்ததாகச் சொன்னார். பெரிய விசைத்தெளிப்பான் எட்டாத வரப்போரத்துக்கு இந்தச் சின்னது. "தண்ணி ஊத்தி அலசித்தாம்மா வெச்சேன். அதுல இன்னா இருந்துடப் போவுது?" அவர் பொய் சொல்கிறவர் இல்லை, அலசித்தான் வைத்திருப்பார். ஒரு தடவை தண்ணீர் விட்டு அலசினால் போகாது என்பதுதான் விஷயம். குழாயின் உட்சுவரிலும் ரப்பர் வாஷரிலும் ஒட்டியிருக்கிற மிச்சமே தக்காளிக்குப் போதும். இந்த மருந்துக்கு மிக எளிதில் ஆட்படும் செடிகளில் தக்காளியும் பருத்தியும் முன்வரிசை.

சரி, அது நாற்றுக்குள் போய் என்ன செய்கிறது? நான் இந்தக் கட்டுரையை எழுத உட்கார்ந்ததே இதைச் சொல்லத்தான். களைக்கொல்லி என்றதும் அமிலம் மாதிரி சுட்டுப் பொசுக்கும் ஏதோ விஷம் என்றுதான் பலரும் நினைக்கிறோம். 2,4-டி அப்படிப்பட்டதில்லை. அது செடியின் சொந்த ஹார்மோனைப் போல நடிக்கும் பொருள். "வளர்" என்ற கட்டளையைத்தான் அதுவும் கொடுக்கிறது.

அந்த ஹார்மோன் ஆக்சின். ஜன்னலோரம் வைத்த நாற்று வெளிச்சத்தின் பக்கம் சாய்வதை எல்லோரும் பார்த்திருப்போம். சார்லஸ் டார்வினும் மகன் பிரான்சிஸும் புல் முளைகளின் நுனிக்குத் தொப்பி மாட்டிப் பார்த்தார்கள். நுனியை மறைத்தால் முளை சாயவில்லை. வெளிச்சத்தை உணர்வது நுனி, வளைவது அதற்குக் கீழே. ஆக நுனியிலிருந்து ஏதோ ஒரு சேதி கீழே போகிறது என்று 1880-ல் எழுதினார்கள். அந்தச் சேதியைக் கையில் பிடித்தவர் நெதர்லாந்தின் ஃபிரிட்ஸ் வென்ட். 1926-ல் ஓட்ஸ் முளைகளின் நுனியை வெட்டி, கடற்பாசிக் கூழான அகர் துண்டின் மேல் வைத்தார். நுனியிலிருந்து கூழுக்குள் இறங்கியதை எடுத்து, நுனியில்லாத முளையின் ஒரு பக்கம் வைத்தார். இருட்டிலேயே முளை மறுபக்கமாக வளைந்தது. ஆக்சின் ஏறிய பக்கம் செல்கள் நீள்கின்றன, மற்றப் பக்கம் அந்த அளவுக்கு நீளவில்லை, அதனால் வளைவு. அவ்வளவுதான். இந்தச் சோதனையை விளக்கும்போது பிள்ளைகள் முகத்தில் ஒரு வெளிச்சம் வரும், அதற்காகவே அந்தப் பாடத்தை இரண்டு வகுப்பு இழுப்பேன்.

செல்லுக்குள் ஆக்சின் போய்ச் சேரும் இடம் டிஐஆர்1 என்ற புரதம் என்பதை 2005-ல் இரண்டு ஆய்வுக் குழுக்கள் ஒரே சமயத்தில் வெளியிட்டன. வளர்ச்சி மரபணுக்களை எழவிடாமல் அழுத்திக்கொண்டு காவல்காரப் புரதங்கள் சில உட்கார்ந்திருக்கும். ஆக்சின் வந்ததும், பசை தடவியதுபோல டிஐஆர்1 அந்தக் காவல்காரனோடு ஒட்டிக்கொள்ளும். பிறகு காவல்காரன் சிதைக்கப்படுவான், மரபணுக்கள் விழிக்கும், செல் நீளும். வேலை முடிந்ததும் மிஞ்சிய ஆக்சினைச் செடி உடைத்துவிடும், அல்லது வேறொன்றோடு கட்டி ஓரம் வைத்துவிடும். தினமும் நடக்கிற நிர்வாகம் இது.

2,4-டியும் அதே இடத்தில் போய் அமரும். ஆனால் அகன்ற இலைச் செடியால் அதைச் சுலபமாக உடைக்க முடியாது. கட்டளை நிற்காமல் ஒலித்துக்கொண்டே இருக்கும். தண்டின் செல்கள் தாறுமாறாக நீண்டு தண்டு திருகும். குருத்திலை விரியாமல் நாடா போல ஒடுங்கி, நரம்புகள் நெருங்கிக்கொண்டு வரும். வேருக்குக் கதை தலைகீழ். தண்டை நீட்டுகிற அளவு ஆக்சின் வேரை நிறுத்திவிடும், வேர் குட்டையாகத் தடிக்கும். ஆக்சின் வெள்ளத்தைத் தாங்காமல் செடி எத்திலினைக் கொட்ட ஆரம்பிக்கும். இலைக்காம்புகளைக் கீழே மடக்குவது அந்த எத்திலின். பின்னாலேயே அப்சிசிக் அமிலம் ஏறும். வறட்சிக் காலத்தில் இலைத்துளைகளை மூடச் சொல்லும் ஹார்மோன் அது. துளை மூடினால் காற்று உள்ளே போகாது, ஒளிச்சேர்க்கை விழும், செடி அதன்பின் மெல்லக் கருகும்.

ஆயாவும் நானும் எத்திலின் வாயுவைத்தான் பார்த்தோம், அதில் தவறில்லை. அது மணலியிலிருந்து வரவில்லை. என் நாற்றுகளே தங்களுக்குள் தயாரித்தது. நான் தெளித்ததால் தயாரித்தது. அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

புல் தப்பியது எப்படி? மக்காச்சோளமும் நெல்லும் 2,4-டியை வேகமாக உடைத்துவிடும். ஒடுங்கிய, நிமிர்ந்த இலையில் மருந்து அதிகம் தங்காது. வளரும் குருத்தும் இலையுறைகளுக்குள் ஒளிந்திருக்கிறது. இந்தப் பாகுபாட்டை வைத்துத்தான் 1940-களில், இரண்டாம் உலகப் போரின்போது, பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் ரகசியமாக இதை ஆராய்ந்தார்கள். போர் முடிந்த கையோடு சந்தைக்கு வந்துவிட்டது. பின்னால் வியட்நாம் காடுகள் மேல் கொட்டிய ஏஜென்ட் ஆரஞ்சில் பாதி இது. அங்கே தலைமுறைகளைப் பாதித்த டயாக்சின் நஞ்சு, மறுபாதியான 2,4,5-டி தயாரிப்பில் கலந்து வந்தது. இரண்டையும் பிரித்துச் சொல்ல வேண்டும் என்பது என் கருத்து. பிரித்துச் சொல்லாவிட்டால், வயலில் நிற்கிற ஒரு விவசாயியிடம் எதையும் நியாயமாகப் பேச முடியாது.

அளவைப் பாருங்கள். நெல்லுக்கு 2,4-டி சோடியம் உப்பு ஹெக்டேருக்கு 1.25 கிலோ, 625 லிட்டர் தண்ணீரில் என்பது வழக்கமான பரிந்துரை. லிட்டருக்கு 2 கிராம். இதே 2,4-டியைத் திசு வளர்ப்புக் கூடங்களில் லிட்டருக்கு 2 மில்லிகிராம் அளவில் சேர்ப்பார்கள். அங்கே அது இலைத் துண்டிலிருந்து புதிய செல் திரளை வளர்க்கிறது, அதிலிருந்து முழுச் செடிகளை எடுக்கிறார்கள். ஆயிரத்தில் ஒரு பங்கு அளவில் உயிர் கொடுக்கும் பொருள்தான் இங்கே எமன். மிளகாயில் பூ உதிராமல் இருக்க நம் விவசாயிகள் அடிக்கும் பிளானோஃபிக்ஸும் ஆக்சின் குடும்பம்தான். ரோஜாப் பதியனுக்குத் தடவும் வேர்ப் பொடியும் அப்படியே. இந்தச் சின்ன அளவுகளுக்கு நடுவே எங்கே கோடு விழுகிறது என்பதை நாற்றுதான் காட்டும், அதுவும் முளைத்த சில நாட்களில்.

அதனால் காராமணியிடம் கேட்டேன். சந்தேகமான மண்ணிலோ தண்ணீரிலோ பயறு முளைக்கவைத்துப் பார்ப்பது பழைய முறை, கருவி எதுவும் வேண்டாம். தெளிப்பானில் தண்ணீர் நிரப்பி ஒரு இரவு ஊறவிட்டேன். மூன்று டம்ளர் எடுத்து, கழுவிய மணல் போட்டு, ஒவ்வொன்றிலும் ஆறு காராமணி. ஒன்றுக்கு எங்கள் டிரம் தண்ணீர். இன்னொன்றுக்கு நாற்றுத் தட்டின் மண்ணைக் கரைத்துத் தெளியவைத்த நீர். மூன்றாவதற்குத் தெளிப்பானில் ஊறிய நீர். துணி மூடி மாடிப்படியின் அடியில் வைத்தேன்.

பயறு முளைத்து வருவதைப் பொறுமையாகப் பார்த்திருக்கிறீர்களா? தலையை நேராகத் தூக்கிக்கொண்டு வராது. கொக்கி போல வளைந்து, வளைவால் மண்ணை முட்டித் திறந்து, இளங்குருத்தை முதுகுக்குப் பின்னால் இழுத்துக்கொண்டு வரும். அந்தக் கொக்கியைப் பிடித்து வைத்திருப்பதும் எத்திலினும் ஆக்சினும்தான். வெளிச்சம் பட்டதும் கொக்கி நிமிரும். அளவாக இருக்கும்போது இவை இரண்டும் அவ்வளவு நுட்பமாக வேலை செய்கின்றன.

ஏழாம் நாள் மணலைக் கழுவி எடுத்து, பழைய காலண்டர் தாளில் வரிசையாக வைத்தேன். டிரம் தண்ணீர்க் காராமணிக்கு வேர் சராசரி 9 சென்டிமீட்டர், பக்கவேர்கள் பரவியிருந்தன. மண் கரைசலில் முளைத்ததும் ஏறக்குறைய அப்படித்தான். தெளிப்பான் தண்ணீரில் முளைத்தது 2 சென்டிமீட்டர். தடித்து, மழுங்கி, முடிச்சு விழுந்த மாதிரி. தண்டு சுழன்றிருந்தது. ஆயா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்து பார்த்தார். "ஐய, ஊனமாயிடுச்சே" என்றார்.

தெளிப்பானைக் கழுவத் துணிச்சோடா வாங்கிவந்தேன். சலவைக்காரர்கள் பயன்படுத்தும் அதே சோடா, வண்ணாரப்பேட்டையில் எந்த மளிகைக் கடையிலும் கிடைக்கும். கரைத்து நிரப்பி, கைப்பிடியை அழுத்திக் குழாய், முனை வரைக்கும் ஓடவிட்டு, இரவு முழுக்க விட்டேன். காலையில் நல்ல தண்ணீரில் மூன்று அலசல். 2,4-டியின் சோடியம் உப்பும் அமைன் உப்பும் தண்ணீரில் கரைகிறவை, அதனால் இப்படிப் போகும். எண்ணெய்ப் பதமான எஸ்டர் வகை என்றால் இன்னும் பாடு. கழுவிய தண்ணீரைக் கால்வாயில் ஊற்ற மனம் வரவில்லை. பக்கிங்ஹாம் கால்வாய்க்கு நாம் கொடுத்தது போதும். இரண்டு பெயின்ட் டப்பாவில் மூடிவைத்து, அடுத்த முறை ஊருக்குப் போனபோது எடுத்துப் போய், ஏற்கெனவே மருந்து அடித்த வரப்பில் ஊற்றினேன். பஸ்ஸில் பக்கத்தில் இருந்தவர் ஒரு மாதிரிதான் பார்த்தார்.

பெரியப்பாவிடம் காராமணித் தாளைக் காட்டினேன். வெகுநேரம் பார்த்துவிட்டு, நாற்றங்காலில் சில நாற்று மட்டும் வெளுத்து, மெலிந்து, மற்றதைவிட ஓரடி உயரமாக ஓடுமே, அதுவும் இந்தச் சேதிதானா என்று கேட்டார். எவ்வளவு சரியான கேள்வி! அது வேறு ஹார்மோன், ஆனால் அதே கதை. ஜப்பானில் அதற்குப் பகானே என்று பெயர், முட்டாள் நாற்று என்று பொருள். தைவானில் வேலை பார்த்த எய்ச்சி குரோசாவா, ஒரு பூஞ்சைக் காளான் சுரக்கும் பொருள்தான் நாற்றை அப்படி ஓடவைக்கிறது என்று 1926-ல் காட்டினார். அதுதான் ஜிப்ரலின். நெல் முளைக்கும்போது விதைக்குள் மாவைச் சர்க்கரையாக்கும் நொதியைத் தூண்டுவதும் ஜிப்ரலினே. அதே ஜிப்ரலினைக் குறைவாகத் தயாரிக்கும் குட்டை ரகம்தான் 1966-ல் வந்த ஐ.ஆர். 8. பெரியப்பா சின்னப் பிள்ளையாக இருந்தபோது தாத்தா போட்ட நெல். "ஆமா, ஐஆர் எட்டு சாயவே சாயாது" என்றார். உரம் போட்டாலும் மடியாத நெல் என்பதன் பின்னால் ஒரு ஹார்மோன் குறைபாடு இருந்தது என்பதை அவர் இத்தனை வருடம் கழித்து வரப்பில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டார்.

நான் பயந்தது செடிக்காக மட்டும் இல்லை. பெரியப்பா மருந்துப் பொடியை வெறுங்கையால் கலக்குகிறவர். 2,4-டி மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் சாத்தியமுள்ள பொருள் என்று சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை 2015-ல் வகைப்படுத்தியது. வேறு வழியில் கொல்லும் கிளைஃபோசேட் என்ற களைக்கொல்லியை அதே வருடம் அதற்கும் ஒரு படி மேலே வைத்தது. கிளைஃபோசேட்டைப் பூச்சிக்கட்டுப்பாட்டுப் பணியாளர்கள் மட்டுமே தெளிக்கலாம் என்று 2022 அக்டோபரில் மத்திய அரசு அறிவிக்கை போட்டது. வயலில் அந்தக் காகிதத்தின் சுவடே இல்லை. களை பறிக்க ஆள் கிடைக்காத ஊரில், கூலி கொடுக்க முடியாத மனிதரிடம், "மருந்தே அடிக்காதீங்க" என்று மாடித்தோட்டக்காரி நான் சொல்வது நியாயமாக எனக்குப் படவில்லை. கையுறையும் கண்ணாடியும் வாங்கிக் கொடுத்தேன். போடுவதாகச் சொன்னார். போடுகிறாரா என்று பெரியம்மாவிடம் வாராவாரம் கேட்கிறேன்.

தெளிப்பானைத் திருப்பிக் கொடுத்தபோது அவரே ஒரு சிவப்புப் பெயின்ட் டப்பாவைத் தேடி எடுத்து, தெளிப்பானைச் சுற்றி இரண்டு விரல் அகலத்துக்குக் கோடு போட்டார். இனி அதில் களைக்கொல்லி மட்டும்தான்.

42 நாற்றில் 37-ஐப் பிடுங்கினேன். ஐந்தை விட்டுவைத்தேன். தக்காளி நான்கும் கருகின. கத்தரி ஒன்று மூன்று வாரம் ஒன்றும் செய்யாமல் நின்றது, பிறகு நாடா மாதிரி இரண்டு இலை விட்டது, அதன்பின் ஒரு நாள் நரம்பு பிரிந்து விரிந்த ஒரு முழு இலை.

புது விதை போடுவதற்கு முன், என் தெளிப்பானுக்கு வாஷர் மாற்றி, அதன் தண்ணீரிலும் ஆறு காராமணி முளைக்கவைத்தேன். ஏழாம் நாள் காலையில் பெரியப்பாவே போன் செய்தார். வணக்கம்கூடச் சொல்லவில்லை.

"வேரு நேரா இருக்குதாம்மா?"

"நேராத்தான் இருக்குது பெரியப்பா. பக்கவேரும் வந்துடுச்சி."